சாகாத விமானி

குடும்பத்தில் அவருக்கு விமானி என்று பெயர். விமானத்தில் ஏறியது என்னவோ நாலைந்து முறைதான், அதிலும் ஜன்னலோர இருக்கை கிடைத்ததில்லை. வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், அதை டிவியோடு இணைத்து ஆடும் ஒரு விளையாட்டில் அவரை அசைக்க ஆளில்லை. திரையின் அடியில் ஒரு குட்டி விமானம்; மேலிருந்து எதிரி விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும்; இப்படியும் அப்படியும் நகர்ந்து சுட வேண்டும், அவ்வளவுதான். பத்திரிகையில் அச்சாகியிருந்த புரோகிராமைப் பக்கம் பக்கமாகப் பார்த்து டைப் செய்தது தங்கை. ஆடியது இவர். தெருப்பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

இப்போது அவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவின் தலைவர். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்வார். "எது ரொம்ப சுலபமா நடக்குதோ, அதைச் சந்தேகப்படு" என்பதுதான் புதியவர்களுக்கு அவருடைய முதல் பாடம். ஒருநாள் ஒரு பிழையைக் கோட்டைவிட்ட பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, சின்ன வயதிலேயே தன் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை என்று, பத்திரிகையின் பெயரைக்கூட விடாமல், விமானக் கதையை எடுத்துவிட்டார்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. அந்தப் பத்திரிகையையே இணையத்தில் தேடிப் பிடித்து, அதிலிருந்த புரோகிராமை டைப் செய்து, விளையாட்டை மீட்டிங் அறையின் பெரிய திரையில் போட்டுவிட்டு, ஒருமுறை ஆடிக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சிக்கு இருக்கட்டும் என்று தங்கையை வீடியோவில் கூப்பிட்டார். அவள், இப்போது எதற்கு அதெல்லாம் என்று இழுத்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

எதிரி விமானங்கள் இறங்கின. இறங்கியவை, அவர் ஒருநாளும் பார்த்திராத வகையில், திருப்பிச் சுட்டன. குட்டி விமானம் வெடித்தது. கீபோர்டு சரியில்லை என்றார். வேறு கீபோர்டு வந்தது, அதிலும் வெடித்தது. "இது அந்த கேமே இல்ல. அதுல எதிரி சுடவே மாட்டான்" என்றார், கொஞ்சம் உரக்கவே.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்தப் பெண் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"அவன் சுடுற பகுதிய நான் டைப்பே பண்ணலண்ணா" என்றாள் தங்கை. "கை வலிச்சுது, விட்டுட்டேன். மறுநாள் சேர்த்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஜெயிச்சுட்டேன்னு தெருவையே கூட்டிட்டு வந்துட்ட. உன் முகத்தப் பார்த்ததும் சொல்ல மனசு வரல."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. எதற்கும் மசியாத அப்பா, இவர் விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. தன் பேச்சுத் திறமை என்று அதை எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார்.

"அப்பா என் கல்யாணத்துக்கு உடனே சரின்னாரே..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

போன் திரையில் தங்கை பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள போய் ஆடுண்ணா" என்றாள். "எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க."