விரைவில், மிக விரைவில்

என் பாட்காஸ்ட்டுக்கு உலகம் முழுவதும் பதினான்கு நேயர்கள் இருந்தார்கள். பதினான்கு பேரும் ஒரே கப்பலில் வேலை செய்பவர்கள். அவர்கள் கேட்டிருந்ததெல்லாம் கால் நிமிட முன்னோட்டம் ஒன்றுதான். நான் வெளியிட்டிருந்ததும் அது ஒன்றுதான்.

அந்தக் கப்பலின் சமையல்காரி என் அக்கா. போன தடவை கிளம்பும்போது, "என் தம்பி பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறான்" என்று கப்பல் முழுக்கத் தம்பட்டம் அடித்து அத்தனை பேரையும் சந்தா போட வைத்துவிட்டாள். நடுக்கடலில் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 'நலம், நலமா' என்று எழுதி அனுப்பலாம், அதற்கு மேல் எதுவும் இறங்காது. அதனால் கரையில் இருக்கும்போதே முதல் பகுதியைப் போனில் இறக்கிக்கொண்டு போகக் காத்திருந்தாள். நான் கொடுத்தது முன்னோட்டம்.

"வணக்கம். இது 'தானா உடைஞ்சது'. மூக்குக்கண்ணாடிகள் உடைந்த கதைகள், உண்மையாகவே உடைந்த விதத்தில். விரைவில், மிக விரைவில்!"

அதையே கேட்டுக்கொண்டு எட்டு மாதம் அந்தக் கப்பல் கடல் கடலாகச் சுற்றியது. சாப்பாடு தயாரா என்று யாராவது கேட்டு, அக்கா வாய் தவறி "விரைவில்" என்று சொல்லிவிட்டால், மேஜையில் இருக்கும் மொத்தக் கும்பலும் "மிக விரைவில்!" என்று கோரஸ் பாடுமாம். நான் புகழ் பெற்ற விதம் இது.

யோசனை நல்ல யோசனைதான். நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவன். இத்தனை வருடத்தில் உடைந்த கண்ணாடியோடு வந்த ஒருவர்கூட, "நான் உடைச்சேன்" என்று சொன்னதில்லை. சட்டத்தில் நாயின் பல் பளிச்சென்று பதிந்திருக்கும். "தானா உடைஞ்சது சார்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வரும். உண்மை எப்போதும் பொய்யைவிட வேடிக்கையாக இருக்கும். அதைப் பதிவு செய்து வெளியிட்டால் போதும். அந்தப் 'போதும்' என்ற இடத்துக்குத்தான் என்னால் போக முடியவில்லை.

தொழில் கோளாறு. கடையில் என் கை ஒரு நூலிழை பிசகினால் யாரோ ஒருவருக்குப் படிக்கட்டு இரண்டாகத் தெரியும். அந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வராமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். மைக் வாங்கினேன். மைக்கைத் தாங்க ஒரு கை வாங்கினேன். அந்தக் கை ஆடாமலிருக்க ஒரு பிடி வாங்கினேன். துணி அலமாரியைக் காலி செய்து, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து 'வணக்கம்' சொல்லிப் பழகினேன். எல்லா வணக்கத்திலும் ஏதோ ஒரு குறை இருந்தது.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத் தருபவள். அலமாரிக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். "சீட்டைச் சரி பண்ணியாச்சு, கண்ணாடியைச் சரி பண்ணியாச்சு, பெல்ட்டும் போட்டாச்சு. வண்டி எப்பங்க நகரும்?"

இப்போது அக்காவின் விடுமுறை முடிந்து, இன்று மாலை மறுபடி கப்பல். மதியம் வேன் வந்துவிடும். இந்த முறை விஷயம் முற்றிப்போயிருந்தது. அக்கா தன் சீஃப் இன்ஜினியரோடு பந்தயம் கட்டியிருந்தாள். கப்பல் கிளம்புவதற்குள் முதல் பகுதி வெளிவந்தால், பயணம் முழுக்க அவர் வெங்காயம் உரிக்க வேண்டும். வராவிட்டால், அக்கா தினமும் காலை அவருடைய அறைக்கே பலகாரம் கொண்டுபோய், கதவருகில் நின்று, "விரைவில், மிக விரைவில்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

"எனக்கு மட்டும் ஃபைலா அனுப்பி ஏமாத்தக் கூடாது. ஊர் உலகம் கேக்கிற மாதிரி வெளிய விடணும். மானப் பிரச்சினைடா தம்பி" என்றாள்.

"முடிஞ்ச மாதிரிதான்க்கா. ஒரு சின்ன வேலை பாக்கி."

முதல் பகுதியின் விருந்தினரே அவள்தான். போன பயணத்தில் அவளுடைய கண்ணாடி சூப் அண்டாவில் விழுந்து, சீஃப் இன்ஜினியரின் கிண்ணத்தில் கரையேறிய கதை. அவள் விடுமுறைக்கு வந்த அன்றே பதிவு செய்தாயிற்று. அதன் பிறகு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து அதைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரையும் உட்காரவைத்துப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். "யாருடா இந்தப் பொம்பளை?"

"நீதான்."

"நானா? லோன் வேணுமான்னு போன் பண்ற பொண்ணு மாதிரி இருக்கு. நான் நடுவுல சிரிச்சேனே?"

"எடுத்துட்டேன். மைக்ல வெடிக்குது."

"இருமினேன்?"

"எடுத்துட்டேன்."

"சீஃப் கரண்டியால என் கண்ணாடியைத் தூக்கிப் பாத்தப்போ 'ஐயோ, ஐயோ'ன்னு சொன்னேனே?"

"ரெண்டு ஐயோ அதிகமா இருந்துச்சு. ஒண்ணை எடுத்துட்டேன்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அண்ணியையே எடுத்திருப்பார்" என்றாள் மனைவி.

நான் அசரவில்லை. பாக்கி இருந்த அந்தச் சின்ன வேலையை விளக்கினேன். பேச்சை வெட்டிய இடங்களிலெல்லாம் ஒலி அடியோடு செத்து, சாலைப் பள்ளம் மாதிரி காதைத் தூக்கிப் போடும். அந்தப் பள்ளங்களை நிரப்ப, அறை சும்மா இருக்கும்போது எழுகிற மெல்லிய சத்தம் வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே ஒரு நிமிடம் பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்து பள்ளங்களில் பூசிவிட்டால் தீர்ந்தது.

"ஒரு நிமிஷம்தானே? என்ன பெரிய விஷயம்" என்றாள் அக்கா.

அலமாரியைத் திறந்து வைத்து, மைக்கை அறையைப் பார்த்துத் திருப்பினேன். பதிவை ஓடவிட்டுக் கையைத் தூக்கினேன். மூவரும் சிலையானோம்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் அக்கா.

மறுபடி. இந்தத் தடவை மாடியில் துளையார் ஆரம்பித்தார். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. குடிவந்த நாளிலிருந்து சுவரில் துளை போட்டுக்கொண்டிருப்பதால் நாங்களாக மரியாதையோடு வைத்த பெயர். அத்தனை துளைகளில் எதை மாட்டுகிறார் என்பது இந்தக் கட்டடத்தின் மாபெரும் மர்மம். அவர் ஓய்கிறவரை காத்திருந்து மறுபடி கையைத் தூக்கினேன். அறை அடங்கியது. ஆகா, என்ன அருமையான நிசப்தம் என்று நான் நினைத்த நொடியில் மனைவியின் வயிறு நீளமாக ஒரு கேள்வி கேட்டது.

அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்காதக்கா."

"சிரிக்கலடா." சொல்லும்போதே மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது.

"அண்ணி, ஏதாவது துக்கமா யோசிங்க" என்றாள் மனைவி.

"சீஃபுக்குப் பலகாரம் கொண்டுபோற மாதிரி யோசிக்கிறேன்" என்ற அக்கா, அதையும் யோசித்துப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த முறை குக்கர் கூவியது. நான் பொங்கிவிட்டேன். "ஒரு நிமிஷம்! இந்த வீட்ல ஒரே ஒரு நிமிஷம் மனுஷன் அமைதியா இருக்க முடியுதா?" காதில் மாட்டியிருந்த ஹெட்போனை வேகமாக இழுத்தேன். அதோடு என் மூக்குக்கண்ணாடியும் பின்பக்கம் பறந்தது. அதைப் பிடிக்கத் திரும்பியவன் நிலைதடுமாறி, பின்னாலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

எனக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

அறையில், கடைசியில், பூரண அமைதி. அந்த அமைதியில் என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"தானா உடைஞ்சது."

அவ்வளவுதான். அக்கா தரையில் சரிந்தாள். மனைவி அவள்மேல் சரிந்தாள். ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தும்போது இன்னொருத்தி "தானா!" என்று எடுத்துக்கொடுப்பாள், மறுபடி தொடங்கும். எனக்கு இருவரும் ஒரே கலங்கல் குவியலாகத்தான் தெரிந்தார்கள். கோபத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். கையில் நிற்கவில்லை. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் நிலைமை உறைத்தது. கணினித் திரையில் ஒலி அலைகள் இருக்கும் இடத்தில் எனக்குப் பாசி தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரு 'ம்'மைக்கூட என்னால் வெட்ட முடியாது. கண்ணாடிக் கடைக்காரனிடம் மாற்றுக் கண்ணாடி இல்லையா என்று கேட்பீர்கள். சரியான சட்டம் அமையட்டும் என்று அதையும் தள்ளிப்போட்டிருந்தேன்.

"அப்போ இன்னிக்கு வராதா?" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு தீர்ந்திருந்தது. பிறகு அவளே, "விடு. முன்னோட்டம் இருக்கே, அது போதும்" என்றாள்.

"கிண்டல் பண்ணாதக்கா."

"கிண்டல் இல்லடா. அதுல கடைசில, நீ 'மிக விரைவில்'னு முடிச்சதும், தூரத்துல இவ குரல் வரும். 'சாப்பிட வாங்க, ஆறுது'ன்னு. பாதியிலயே வெட்டிட்டே. 'ஆறு'ன்னு வரைக்கும்தான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுல சத்தம் இருந்துச்சா? எட்டு மாசமாவா? நான் எப்படி விட்டேன்?"

"முதல் மாசம் சிரிக்கறதுக்குத்தான் போட்டுக் கேட்டேன்" என்றாள் அக்கா. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "அப்புறமெல்லாம் அந்த 'ஆறு'க்காகத்தான்."

மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அன்று அந்த ஒரு தடவைதான். அதை வெட்டியெடுத்துப் பள்ளங்களில் பூச எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலியை மனைவிக்கு இழுத்துப் போட்டேன். "இங்க வா. எனக்குத் திரை தெரியல, நீ பாத்துச் சொல்லு. 'தொடாதது'ன்னு ஒரு ஃபைல் இருக்கும்."

"இருக்கு."

"அதுதான் அக்கா பேசினது, முதல் நாள் பேசினபடியே. அதை எடு. அது பின்னாடியே இப்ப ஓடிட்டிருக்கிற பதிவை ஒட்டிடு."

"எதிலிருந்து?"

"'ஆரம்பிச்சாச்சா'லேருந்து."

"துளையார்?"

"இருக்கட்டும்."

"என் வயிறு?"

"அதுவும்."

"அய்யய்யோ, அது வேணாங்க!"

"ரெண்டு ஐயோவும் இருக்கட்டும்" என்றேன்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மனைவி ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏய், நீயா? ஹேண்ட் பிரேக் போட்டியா?" வேன் ஓட்டுநர் அவளுடைய பழைய மாணவர். "போட்டுட்டேன் மேடம்" என்ற குரலில் அன்றைய பயம் அப்படியே இருந்தது. "அங்கேயே நில்லு!" என்றாள். நின்றார்.

திரும்பி வந்து என் விரலைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தாள். "இதுதான் வெளியிடறது. அமுக்குங்க."

"முகப்புப் படத்துல எழுத்து கொஞ்சம் கோணலா..."

"உங்களுக்குத்தான் இப்ப எதுவுமே தெரியலையே!"

"இல்ல, விளக்கத்துல ஒரு வரி..."

"என்னங்க, கியர் போட்டாச்சு. கிளட்ச்சை விடுங்க."

"டேய், வெங்காயம்டா!" என்று வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. குக்கர் மட்டும் இன்னொரு தடவை கூவியது. சற்று நேரத்தில் அக்காவின் போன் டிங் என்றது. அவள் ஒரு பெட்டியோடு படியிறங்கிக்கொண்டே, "வருது, வருது! எங்கிட்ட இறங்குது!" என்று தெருவுக்கே அறிவித்தாள். வேனில் ஏறுவதற்குமுன் திரும்பி ஓடிவந்து என் தலையில் குட்டினாள். எங்கள் குடும்பத்தில் அது முத்தம்.

சாயங்காலம் துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. மனைவி வாசித்தாள். "பதினாலு பேரும் இறக்கியாச்சு. சீஃப் கேட்டு முடிச்சார். கத்தி எங்கேன்னு மட்டும் கேட்டார். அவர் சந்தேகம் ஒண்ணே ஒண்ணு: மாடியில அப்படி என்னதான் மாட்டறாங்க?"

பதில் எழுதுவதற்குள் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். மங்கலாக ஓர் உருவம். தலையெல்லாம் வெள்ளைத் தூசி என்பது மட்டும் தெரிந்தது.

"மேல் வீடுங்க. சார் கண்ணாடிக் கடையில இருக்கார்னு சொன்னாங்க." கையை நீட்டினார். தடவிப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு துண்டாக. "எப்படின்னே தெரியல சார். தானா உடைஞ்சது."

நானும் மனைவியும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குறைந்தபட்சம் நான் அவள் இருந்த திசையைப் பார்த்தேன்.

"உள்ள வாங்க, உக்காருங்க" என்று அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தேன். தடவித் தடவி மைக்கைக் கண்டுபிடித்து அவர் பக்கம் திருப்பினேன்.

"சத்தமா இருக்கே சார். குழாய் வேற சொட்டுது. நிறுத்திட்டு வரட்டுமா?"

"சொட்டட்டும்" என்று பதிவை ஓடவிட்டேன். "இப்ப உண்மையைச் சொல்லுங்க."