நாளை வராதவளின் மேசை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

போன மாதம் என் அலுவலகத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரைப் பிடித்துவந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி, லீவை அளவாக எடுப்பது எப்படி, எதிர்காலத்தைத் திட்டமிடுவது எப்படி. "இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" என்று அவர் கேட்டார். தமிழர் நாங்கள் நாலு பேரும் நிலத்தைப் பார்த்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும், "பின்னேரம் அஞ்சு மணிக்கு எங்க இருப்பன் எண்டதையே செக்பொயின்ற்றில நிக்கிறவன்தான் முடிவெடுக்கிறான்" என்று என் காதுக்குள் சொன்னார்.

உரத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. ஆகவே கதை எழுதுகிறேன். கோழைகளுக்கு உள்ள வசதி அது.

2

தொடக்கம் ஒன்று: "கொட்டாஞ்சேனையின் கூரைகள்மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை..."

வேண்டாம். அங்கே கதிரவனுக்கு முன்பே துறைமுக லொறி வந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: "கனகேஸ்வரி ஓர் அபலை. போர் அவளை..."

இதுவும் வேண்டாம். அபலை என்று எழுதியது தெரிந்தால் அவளே என்னை அடிக்க வருவாள்.

சரி, சாதாரணமாகவே தொடங்குகிறேன். கனகேஸ்வரி கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். கொட்டாஞ்சேனையில் இயந்திர உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றில், துறைமுகத்திலிருந்து சாமான் எடுப்பதற்கான கடதாசி வேலை அவளுடையது. அந்தப் பகுதிக்குத் தலைமைப் பதவி காலியானது. அது அவளுக்கு வேண்டும். பசியைப் போல வேண்டும்.

(யுத்தக் கதையில் ஒரு பெண் பதவி உயர்வுக்கு ஆசைப்படலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அண்ணனைத் தேடலாம், மகனைப் பறிகொடுக்கலாம், சம்பளம் கூட வேண்டுமென்று நினைப்பதுதான் சரியில்லையாம். நண்பர் வங்கியில் மனேஜர்.)

3

பதவி காலியாவதற்குச் சில மாதம் முன்பு, விடியப்புறச் சுற்றிவளைப்பு ஒன்றில் அவளைப் பொலிஸ் கொண்டுபோனது. இன்ன வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று பொலிஸில் பதிந்த துண்டை வீட்டுக்கார அம்மா அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுத் தெஹிவளையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். குற்றம் அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடந்தது? "ஒண்டும் நடக்கேல்லை" என்கிறாள். இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் நம்பவில்லை. ஆனால் துருவிக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கம்பனியில் நடந்தது நன்றாகத் தெரியும். துறைமுகக் கடதாசிகள் இருந்த கம்பனி அலுமாரியின் சாவி அவளுடைய கைப்பையில் இருந்ததால் சாமான் துறைமுகத்திலேயே கிடந்தது. "சொல்லாமல் லீவெடுக்கிறாள்!" என்று மனேஜர் குதித்தார். விடுதலையாகி வந்தவளை, ஊழியரின் லீவு, சம்பளக் கணக்கைப் பார்க்கும் மாக்ரெட் தனியே கூப்பிட்டாள். கொட்டாஞ்சேனைக்காரி, தங்கமான மனுஷி.

"வருஷ லீவுன்னு போட்டுட்டேன் புள்ள."

"முழுக்கவுமா அக்கா? இந்த வருஷத்துக்கு இனி எனக்கு லீவே இல்லையே."

"வேற என்னத்த போட? கெசுவல் இருக்கு, சுகமில்லாத லீவு இருக்கு. பொலிஸ் கொண்டுபோற லீவுன்னு ஒண்ணு இல்லையே. மனேஜருக்குத் தெரியாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது."

"ஓம் அக்கா" என்றாள் கனகேஸ்வரி. நன்றியும் சொன்னாள்.*

* அதை எழுத எனக்குக் கை கூசியது. ஆனால் சொன்னாள்.

4

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு கடதாசிக் கோவையின் மேலும் குறிப்புத் துண்டு குத்திவைத்தாள்: அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது. சாவியை மாக்ரெட்டிடம் கொடுத்தாள். ஒரு நாள் அந்த வழியே போன மனேஜர் மேசையைப் பார்த்துச் சொக்கிப்போனார். இதல்லவா ஒழுங்கு! ஊழியர் எல்லோருக்கும் ஒரு கூட்டம் வைத்து, அவளுடைய முறையை விளக்கச் சொன்னார். பேச்சைக் கேட்டபிறகு பதவியை முடிவுசெய்வதாகவும் சொன்னார்.

"லீவுக் கதைய மட்டும் எடுத்துறாதீங்க" என்றாள் மாக்ரெட். "பிடிபட்ட ஆளுன்னு தெரிஞ்சா குடுப்பாரா?"

5

இங்கே எனக்கு மூன்று வழிகள்.

அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், மண்டபம் அழுகிறது, மனேஜர் மன்னிப்புக் கேட்கிறார். மன்னிப்புக் கேட்கும் மனேஜரைப் படைக்க என் கற்பனை போதாது.

வர்ணப் பென்சில் பாவிக்கலாம் என்று ஏதோ உளறிப் பதவியை வாங்குகிறாள். இதுதான் பெரும்பாலும் நடக்கும். நடப்பதைப் படிக்க யார் காசு கொடுப்பார்கள்?

மூன்றாவதை எழுதிவிட்டேன். மைக்குக்கு முன்னால் நின்றவள் சிங்களத்தில் (தமிழாக்கியது நான்) இப்படித் தொடங்கினாள்:

"பின்னேரம் மேசையை விட்டு எழும்பும்போது, நாளைக்கு வரமாட்டேன் என்றே நினைத்துக்கொள்வேன். என் கதிரையில் யார் வந்து இருந்தாலும் வேலை நிற்கக் கூடாது. சாவி என்னோடு போகக் கூடாது."

சொல்ல நினைத்தது அதுவல்ல. வாய் முந்திவிட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மனேஜர் முதலில் கைதட்டினார். பிறகு எழும்பிப் போய், "நாளைக்கு வரமாட்டேன் என்று நினை" என்று பலகையில் பெரிதாக எழுதி இரண்டு கோடும் இழுத்தார். "திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் இப்படித்தான்!" பின்வரிசையில் களஞ்சியத்து அழகுமுத்து மட்டும் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவரும் போன வருடம் 'வருட லீவில்' போய்வந்தவர்.

தப்பிவிட்டோம் என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும். கனகேஸ்வரிக்கு வந்தது ஆத்திரம். இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லியும் குறிப்பெடுக்கிறார்களே என்ற ஆத்திரம்.

அப்போதுதான் கணக்குப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த சிங்களப் பெண் கையை உயர்த்தினாள்.

"அக்கே, நீங்கள் ஏன் நாளைக்கு வரமாட்டீர்கள்?"

குத்தலே இல்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டாள். மனேஜர், "நல்ல கேள்வி, சொல்லுங்கள்" என்று சிரித்தார். கதவடியில் நின்ற மாக்ரெட் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

6

மண்டபத்தை இப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். சும்மா பகிடிக்கு என்று சிரித்தால் அவளுக்குப் பதவி. உண்மையைச் சொன்னால், அந்தப் பெண் ஒருத்தியாவது முதல்தடவையாகக் கேட்பாள், பதவி போய்விடும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் கிழித்தேன். முதலாவது அவளுக்குச் செய்யும் துரோகம். இரண்டாவதை அச்சில் பார்த்தால் என் மனேஜர் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார்.

ஆகவே அவளுடைய பதிலை நீங்களே எழுதுங்கள். எழுதி, கீழே உங்கள் பெயரையும் போடுங்கள். தலைப்புக்குக் கீழே நான் என் பெயரைப் போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.