ஆறிப்போன ஹோட்டல்

கடைவீதி முனையில் உள்ள ஹோட்டலில் பன்னிரண்டு வருடங்களாக எந்தச் சாப்பாடும் மேசைக்குச் சூடாக வந்து சேர்ந்ததில்லை. அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற சூப் சமையலறை வாசல் வரைக்கும் ஆவி பறக்க வருகிறது. நிலைப்படியைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்ததும் சர்வரின் கையிலேயே சில்லிட்டுப் போகிறது. காபியும் அப்படித்தான், ஆம்லெட்டும் அப்படித்தான். முதல் வாரத்தில் முதலாளி பாத்திரங்களை மாற்றினார். இரண்டாவது வாரத்தில் வாசலை இடித்து அகலமாக்கினார். பிறகு அடுப்பையே தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்துப் பற்றவைத்தார். தீ நன்றாகத்தான் எரிந்தது. அதன்மேல் வைத்த பால்தான் அரைநாள் ஆகியும் வெதுவெதுப்பைக்கூடக் காணவில்லை. சர்வர் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்து விரல் வரைக்கும் எரியவிட்டுப் பார்த்தார். நகம் கறுத்ததே தவிர சுடவில்லை. சுகாதார ஆய்வாளர் வெப்பமானியோடு வந்து மூன்று மேசைகளில் அளந்தார். அவருடைய படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லாததால் ‘சுத்தமாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கூட்டம் பாதியாகக் குறைந்தது. வந்தவர்களில் பல்வலிக்காரர்களும், ஐந்து நிமிடத்தில் வண்டியை எடுக்க வேண்டிய பஸ் டிரைவர்களும்தான் அதிகம்.

இது எந்த நாளில் ஆரம்பித்தது என்பது ஊருக்கே தெரியும். ஏன் ஆரம்பித்தது என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று ஒருவர் ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அதே வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவியை இழந்தவர், ஒரே மகள். குரல் உயர்த்திப் பேசியதாக அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அடுத்தவர் முகத்துக்கு அத்தனை அருகில் நின்று வேலை செய்கிறவருக்குச் சத்தமே தேவைப்படவில்லை. மகள் ஒரு லாரி முதலாளியின் மகனை விரும்பினாள். இரண்டு வீட்டாரும் பேசிப் பழகட்டும் என்று ஒரு மதியச் சாப்பாட்டுக்கு இந்த ஹோட்டலில் ஏற்பாடானது.

லாரி முதலாளி கெட்டவர் இல்லை. பேச்சு மட்டும் லோடு ஏற்றின வண்டி மாதிரி, யாருக்கும் வழி விடாது. உட்கார்ந்ததும், “ஒத்தக் கதவு கடைதான உங்களுது?” என்று கேட்டார். பிறகு தன்னுடைய எட்டு வண்டிகளைப் பற்றிச் சொன்னார், எட்டுக்கும் தனித்தனியாக. கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் நாற்காலியில் ஒரு விரற்கடை இறங்கிப்போவதாக அவருக்குத் தோன்றியது. எதிரில் மகள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். தன் அப்பாவுக்காக அவள் கூசுகிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். அப்போதுதான் அவருடைய கரண்டியில், சூப்போடு சேர்ந்து, நாலு துளை போட்ட பழுப்பு நிறப் பட்டன் ஒன்று வந்தது.

அவர் எழுந்து நின்றார். “இதான் நீங்க போடற சாப்பாடா? யாரு சமைச்சது? வரச் சொல்லுங்க வெளிய!” என்றார். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது அவருக்கே ஆச்சரியம். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. லாரி முதலாளி வாயை மூடினார். நாற்பது வயது மதிக்கத்தக்க சமையல்கார அம்மா ஈரக்கையோடு வந்தார். பட்டனைப் பார்த்தார், தன் மேலங்கியை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். “ஐயா, என் துணியில பட்டனே கிடையாதுங்க. நாடாதான். நீங்களே பாருங்க.”

பதில் சொல்லக் கண்ணாடிக்கடைக்காரர் கையை ஓங்கினார். முழுக்கைச் சட்டையின் கை சரசரவென்று முழங்கை வரைக்கும் இறங்கியது. மணிக்கட்டில் காற்று பட்டது. சட்டைக் கையின் ஓரத்தில் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அவர் சும்மா நின்றார். அந்த ஒரு மூச்சில் உட்கார்ந்திருக்கலாம், சிரித்திருக்கலாம், அடடா, என்னுதும்மா என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்து மறந்திருப்பார்கள். அவர் மகளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை, கண் விரிய, முகமெல்லாம் பெருமையாக. அவர் இடது கையால் சட்டைக் கையை உள்பக்கமாக மடித்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக, “அப்ப நான் பொய் சொல்றேனா?” என்றார்.

ஹோட்டல் முதலாளி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் நாடாவை அவிழ்த்து, மேலங்கியை மடித்து, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியேறினார். லாரி முதலாளி கண்ணாடிக்கடைக்காரரின் தோளை இறுக்கிப் பிடித்து, “ஆம்பள இப்படி இருக்கணும், சம்பந்தி!” என்றார். சம்பந்தி என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. கல்யாணம் அந்த நிமிடத்தில் நிச்சயமானது. மறுநாள் மதியம் மேசைக்கு வந்த முதல் காபியே சில்லென்றிருந்தது.

கல்யாணம் நடந்தது, பேரன் பிறந்தான், வண்டிகள் எட்டு பதினொன்றாயின. குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் லாரி முதலாளி அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லப் பட்டன் பெரிதானது. மூன்றாம் வருடம் அது கோட்டுப் பட்டன். ஆறாம் வருடம் பித்தளைப் பட்டன், பல்லே உடைந்திருக்கும். “எங்க சம்பந்திய சாதாரணமா நெனச்சிடாதீங்க” என்று அவர் முடிப்பார். எல்லாரும் கண்ணாடிக்கடைக்காரரை மரியாதையோடு பார்ப்பார்கள். அவர் தட்டைப் பார்ப்பார். அது அடக்கம் என்று சொல்லி அதற்கும் பாராட்டுவார்கள்.

சமையல்கார அம்மாவை ஊர் ‘பட்டன் அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெயரோடு எந்தச் சமையலறையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சலவைக்கடை ஒன்றில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலைக்குப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார். ஆனால் தினமும் மதியம் அதே ஹோட்டலுக்குப் போய், பனிக்கட்டி மாதிரி இருக்கும் சூப்பை ஒரு கிண்ணம் குடித்தார். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று நினைத்தார். முதலாளியோ, இந்த நிலையிலும் தன்னைக் கைவிடாத ஒரே பெரிய மனிதர் என்று சொல்லி, ஜன்னலோர மேசையை அவருக்கென்றே ஒதுக்கிவைத்தார். தண்டனைக்கும் மரியாதை கிடைத்தது. அதைவிடக் கூச்சமான ஒன்று அவருக்கு நடந்ததில்லை.

ஒன்பதாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த அம்மா அவர் கடைக்கு வந்தார். துணியில் கறை இருந்தால் தெரியவில்லை, கிட்டத்தில் பார்த்தால் மங்கலாக இருக்கிறது என்றார். வேறு யாரோ வந்தது போலவே பேசினார். கண்ணாடிக்கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வில்லையாக மாற்றினார். இரண்டு தடவை வில்லையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து எடுத்தார். நான்காவது வில்லையைப் போட்டுவிட்டு, அட்டைக்குப் பின்னால் நின்றபடியே, “அந்தப் பட்டன் என்னோடதும்மா. என் சட்டையில இருந்து விழுந்தது” என்றார்.

“தெரியும்” என்றார் அந்த அம்மா. அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எப்படித் தெரியும்?”

“கையத் தூக்கினீங்கல்ல, நூலு தொங்குச்சு. அன்னைக்கு என் கண்ணு நல்லா இருந்துச்சுங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே? எல்லாரும் இருந்தாங்களே?”

“உங்க பொண்ணு உங்களையே பாத்துட்டு இருந்துச்சு” என்றார் அந்த அம்மா. “கீழ் வரி இன்னும் கலங்கலா இருக்கு. அடுத்தத போடுங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் அடுத்ததைப் போடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்பது வருடம் அவர் சுமந்தது ஒரு தவறை. இப்போது அதன்மேல் ஒரு பெரிய மனசும் வந்து உட்கார்ந்துகொண்டது, அதைத் தூக்க அவரால் முடியவில்லை. கடைசியில், கண்ணாடியைச் சும்மா எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “ஒரு கண்ணாடியக் குடுத்து என் வாய அடைக்கப் பாக்காதீங்க. நான்தான் ஏற்கெனவே வாயே தொறக்கலயே. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்றதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.” உரிய விலையைக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து கண்ணாடியை வாங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடிக்கடைக்காரர் சம்பந்தி வீட்டாரை அதே ஹோட்டலுக்கு அழைத்தார். மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் வந்தார்கள். சாப்பிட்டால் குளிரும் என்று தெரிந்ததால் சம்பந்தியம்மா சால்வையோடு வந்திருந்தார். சூப் வந்ததும் லாரி முதலாளி பக்கத்து மேசைக்காரரிடம் வழக்கம்போல் ஆரம்பித்தார். “இங்கதான், இதே எடத்துலதான், எங்க சம்பந்தி...” கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து, ஹோட்டல் முதலாளியையும் அருகில் அழைத்து, “அந்தப் பட்டன் என்னுது” என்றார். லாரி முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “என் சட்டைக் கையிலிருந்து விழுந்தது. பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கத்தினேன். உங்க முன்னாடி சின்னவனாத் தெரியக் கூடாதுன்னு கத்தினேன்” என்று அவர் சொன்னபோது சிரிப்பு நின்றது.

ஹோட்டல் முதலாளி பக்கத்தில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இத்தன வருஷமா நாங்க சிரிச்சதெல்லாம் ஒரு பொம்பளயோட பொழப்பா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். லாரி முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னைக்கு ஏம்ப்பா சொல்றீங்க? எம்பையன் முன்னாடி?” என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். சுற்றியிருந்த மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கிண்ணங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு திரும்பியிருக்கவில்லை.

ஹோட்டல் முதலாளி சலவைக்கடைக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை அந்த அம்மா ஒரு நிபந்தனை சொன்னார்: வேலையை விட்டு அனுப்பியது எந்த இடத்தில், எத்தனை பேர் முன்னாலோ, திரும்ப அழைப்பதும் அப்படியே இருக்க வேண்டும். அப்படியே நடந்தது. அவர் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். அன்றைக்கு ஊரே கூடியிருந்தது, இனியாவது சூடாக ஏதாவது கிடைக்கும் என்று. அவர் சமைத்த முதல் சூப்பும் நிலைப்படியில் ஆறிப்போனது. அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, ஆறினால் எது உறைகிறது, எதில் உறைப்பு குறைகிறது என்று யோசித்தார். கொழுப்பைக் குறைத்தார், புளிப்பைக் கூட்டினார், உப்பை ஒரு சிட்டிகை ஏற்றினார். இரண்டு மாதத்தில் கூட்டம் பழைய அளவுக்கு வந்தது, பிறகு அதைத் தாண்டியது. புதிதாகச் சேருகிற சர்வர்களிடம் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறபோதே, எல்லாம் நிலைப்படியில் ஆறிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.

பெயர் இடம் மாறியது. இப்போது பட்டன் என்றால் கண்ணாடிக்கடைக்காரர்தான். வீதியில் பிள்ளைகள் “பட்டன் தாத்தா” என்று கூப்பிட்டால் அவர் நின்று பதில் சொல்கிறார். ஜன்னலோர மேசை போய்விட்டது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறார். சாப்பிட்டுக் கை கழுவ வருகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். வெட்கம் குறைந்ததா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. குறையவில்லை.

மகள் ஒன்றரை வருடம் கழித்து வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை மதியம் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள், “வேணாம்ப்பா, சாப்பிடலாம்” என்றாள். சர்வர் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அவள் கரண்டியில் எடுத்து, சின்னப் பிள்ளையில் பழகினபடி, இரண்டு தடவை ஊதிவிட்டுக் குடித்தாள். அந்த ஹோட்டலில் பாதிப்பேர் இன்றைக்கும் அப்படித்தான் ஊதிக் குடிக்கிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணாடிக்கடைக்காரரும் தன் கரண்டியை எடுத்து, மெல்ல ஊதினார்.