பைக்குள் இருந்த அலுமினியக் கை

துவாரகன் என்ற பெயரைக் கேட்டாலே யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வரும். பதுளையில் தகப்பனுக்கு ஹாட்வெயார் கடை இருந்தால் மகனுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? போட்டிக்காகப் பள்ளிக்கூட அணி செய்த ரோபோவுக்கு வேண்டிய அலுமினியம் அந்தக் கடையிலிருந்து வந்தது. அதற்காகவே அவனை அணித்தலைவன் ஆக்கியிருந்தார்கள்.

"ரோபோ சட்டத்துக்கு 6061 நம்பர் அலுமினியம் போடு, அது வெறப்பா நிக்கும். வளைக்கிற கைக்கு 5052 தான் சரி, வெடிக்காது," என்றாள் அவள்.

"5052 மெத்துன்னு இருக்குற சாமான். கொண்டுபோய் ஒங்க லயத்துக் கூரைக்கு மழைத்தண்ணிப் பீலி அடிச்சுக்க," என்றான் துவாரகன்.

எல்லோரும் சிரித்தார்கள். லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள் அவள். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை.

கைக்கும் 6061 தகட்டையே எடுத்து அவன் வளைத்தான், அது மடிப்பில் வெடித்தது. அடுத்த தகட்டில், வெல்டிங் கடைகளில் பார்த்தபடி, துணி துவைக்கும் சவர்க்காரம் பூசி அது கறுக்கும்வரை தீயைக் காட்டினான். தகடு சொன்னபடி வளைந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"சூடு காட்டுனதுல பெலம் போயிருச்சு. பாரம் தூக்காது," என்றாள்.

"ஒனக்குப் பொறாமை. வாய மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டாள். 5052 தகட்டில் அதே அளவில் ஒரு கை செய்து, அதே இடங்களில் துளையிட்டு, யாருக்கும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் எல்லார் முன்னாலும் 'நான்தான் பிழை' என்று சொல்லட்டும், அப்போது எடுப்போம் என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

மாகாணப் போட்டியில் ஜெயித்தால் கொழும்பு. முதல் பெட்டியைத் தூக்கியதுமே ரோபோவின் கை தொய்ந்து தரையைத் தொட்டது. திருத்துவதற்கு நேரம் கொடுத்தார்கள். துவாரகன் அதை முழங்காலில் வைத்து நிமிர்த்தினான், மறுபடியும் தொய்ந்தது. மாதக்கணக்காக வயர் வேலை செய்த ஸில்மியா பக்கத்தில் நின்று அழுதாள். யசோதினி பையை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் திறக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், முகம் துடைக்கத் துணி தேடி ஸில்மியா பக்கத்திலிருந்த யசோதினியின் பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது அலுமினியக் கை. தன் மடியிலிருந்த ரோபோவின் போல்ட் ஒன்றைக் கழற்றித் துளையில் விட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இறங்கியது.

"இது எங்கட ரோபோவுக்குச் செஞ்சதா?"

யசோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"துவாரகன் மடையன், அவனுக்கு வெளங்கல்ல. ஒனக்கு வெளங்கின தானே?"

ஸில்மியா அந்த அலுமினியக் கையை யசோதினியின் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய், துவாரகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.