எஃப்-11இல் விழும் கைக்கடிகாரம்

‘ஏழாம் பாலம்’ படத்தில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே காணாமல் போகும் பொருள்கள், திரையரங்கில் எஃப் வரிசைக்காரர்களின் மடியில் வந்து விழும். மறுபடி அவை தேவைப்படும் காட்சி வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நேரம் வந்ததும் மடியிலிருந்து தாமாகவே போய்விடும்.

பழைய போர்ப்படம். விறுவிறுப்பானது, ஆனால் கவனமில்லாமல் எடுத்தது. அதனால் எஃப் வரிசைக்கு வேலை அதிகம். மேஜரின் தொப்பி எஃப்-4இல் விழும். உளவாளியின் கன்னத்துத் தழும்பு மறைகிறபோது, எஃப்-10இல் இருக்கும் பல் வைத்தியர் சவரிராயன் அதை இருபது நிமிடம் தன் கன்னத்தில் வைத்திருப்பார். “அரிக்கத்தான் செய்யும். சொறியக் கூடாது” என்பார்.

எஃப்-11 சொர்ணவல்லியின் இடம். வீடு வீடாகப் போய் மின்மீட்டர் ரீடிங் எடுப்பவள். வாராவாரம் இந்தப் படம் ஓடும் ஞாயிறு மேட்னியை அவள் தவறவிட்டதில்லை. அவளுக்கு விழுவது லெப்டினன்ட் மோகனசுந்தரத்தின் கைக்கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் லெப்டினன்ட் சரியாக நாலு மணிக்குப் பாலத்தைத் தகர்ப்பார். அப்போது வயர்லெஸ் இயக்கும் கமலி பாலத்தின் நடுவில் ஓடிவந்துகொண்டிருப்பாள். எதிரியின் டாங்கிகள் வருவதோ நாலேகாலுக்கு. அதற்குள் என்ன அவசரம் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. பதினோரு வருடமாகக் கமலி பாதிப் பாலத்தில் செத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்புவரை, கடிகாரம் சொர்ணவல்லியிடம்தான் இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு அவள் கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளினாள்.

“மீட்டர்ல இப்படிப் பண்ணினா கேஸு, தெரியும்ல?” என்றார் சவரிராயன்.

“நான்தானே சார் கேஸே எழுதுறேன்.”

கடிகாரம் மடியிலிருந்து போனது. லெப்டினன்ட் அதைப் பார்த்தபடி காத்திருந்தார். கமலி பாலத்தைத் தாண்டினாள். பிறகு பாலம் வெடித்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் கமலி வந்து சேர்வதாக யாரும் எதுவும் படம் பிடித்திருக்கவில்லை. ஆகவே அவள் சொர்ணவல்லியின் மடியில் விழுந்தாள். சீருடையெல்லாம் புழுதி. எஃப்-12 காலியாக இருந்ததால் அங்கே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“தண்ணி இருக்காக்கா?”

சொர்ணவல்லி பாட்டிலை நீட்டினாள்.

டிக்கெட் கிழிக்கும் தாளமுத்து டார்ச்சோடு வந்தார். “மேடம், மடியில விழுந்தா திருப்பித் தரணும்.”

“இவளுக்கு இனிமே ஏது சீன்?”

“கடைசி சீன் இருக்கே. லெப்டினன்ட் வீட்டுச் சுவத்துல இவங்களோட மாலை போட்ட போட்டோ.”

கமலி பாட்டிலை மூடினாள். “அதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஆறு நிமிஷம்.”

அவள் வாசலைப் பார்த்தாள்.

“படம் முடிஞ்சாத்தான் கதவைத் தொறப்போம்மா” என்றார் தாளமுத்து. ஓடுகிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

சொர்ணவல்லி தாளமுத்து பக்கம் திரும்பினாள். “சுவத்துக்கு வேண்டியது ஒரு போட்டோதானே?”

“ஆமா மேடம்.”

“இன்னார் போட்டோன்னு இருக்கா?”

தாளமுத்து யோசித்தார். “பொம்பளை போட்டோவா இருக்கணும். படத்துல கலங்கலாத்தான் தெரியும். யாருன்னு யாரும் உத்துப் பாக்கறதில்ல.”

சொர்ணவல்லி கைப்பையைத் திறந்தாள். அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மடியில் வைத்தாள். சற்று நேரத்தில் அது போனது.

திரையில் லெப்டினன்ட் சுவரைப் பார்த்து நின்றார். இந்த முறை போட்டோ கலங்கலாக இல்லை. சம்பங்கி மாலைக்குள் சொர்ணவல்லி பளிச்சென்று தெரிந்தாள். அவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

“போட்டோவுல நல்லா இருக்கீங்கக்கா” என்றாள் கமலி.

எஃப் வரிசை முழுவதும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. சொர்ணவல்லியும் எழுந்து நின்றாள்.

“தங்கமான பொம்பளை” என்றார் சவரிராயன், தாழ்ந்த குரலில்.

“ஆமா சார்” என்றாள் சொர்ணவல்லி. “ஒரு வீடு விடாம ரீடிங் எடுத்தவ.”