பச்சைப் பட்டு மாஸ்க்

ஊரடங்கு வந்ததும் செவிலிமேட்டுப் புதுவீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று எங்கள் வயல்வரப்பு தேவைப்பட்டது. காலையில் காற்று வாங்க வருவார்கள். காறித் துப்பிவிட்டுப் போவார்கள். நாற்று நடச் சேற்றில் கை விட்டால் விரலில் மாஸ்க் சிக்கும். இன்று சிக்கியது பச்சைப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. உள்ளே சளி வழவழவென்று ஒட்டியிருந்தது.

நேற்று இதே பச்சையை மாட்டிக்கொண்டு நடந்த ஜவுளிக்கடைக்காரர் வரப்பில் வந்து நின்றார். இன்று முகத்தில் அரக்குப் பட்டு.

"இன்னாமா வடிவு, மாஸ்க் இல்லாம வேலை செஞ்சிக்கினு இருக்கே? எங்களுக்கு ஒட்டிக்கினா?"

சேறு சொட்டச் சொட்ட அந்தப் பச்சை மாஸ்க்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எங்கிட்ட இது ஒண்ணுதான் சார் இருக்குது. நேத்து நீங்க வீசினது. கையெல்லாம் சேறு, நீங்களே மாட்டி வுடுங்க."