தெளிந்த இடம்

ஏரிக்கரையில் இரண்டாவது குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாவதைவிடப் பருமன், உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். சலவைக்கூடத்து அண்ணி பாதி பிழிந்த ஆஸ்பத்திரிப் போர்வையைக் கையில் பிடித்தபடியே போய் எதற்கு என்று கேட்டாள். சாயப்பட்டறைக் கழிவை இனி இரண்டு மடங்காக விடப்போகிறார்களாம். யார் அனுமதித்தது என்றதற்கு மேஸ்திரி சிரித்தார்.

"உங்க கொழுந்தன் குடுத்த அறிக்கைதாம்மா. எவ்வளவு ஊத்தினாலும் உங்க ஏரி சுத்தம் பண்ணிடுதாமே."

ஊரே அவளை அண்ணி என்று கூப்பிடுவது கொழுந்தன் பழக்கிவிட்டது. மாமியார் செத்தபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. இவள் போட்ட சோற்றில் வளர்ந்து, சலவைக்கூடத்து நீராவியில் உட்கார்ந்து படித்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனான். போன வருஷம் அவன்தான் வந்து சொன்னான், ஏரி நமக்குச் செய்யும் உபகாரத்தை அளந்து காட்டிவிட்டால் அதன்மேல் ஒருவனும் கைவைக்க முடியாது என்று. பட்டறைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு புட்டி, கோரைப்புல்லைத் தாண்டி வழியும் இடத்தில் ஒரு புட்டி, வாராவாரம் மொண்டு தரவேண்டும். மேலே கஷாயம் மாதிரி இருப்பது கீழே தெளிந்து வரும். அந்தத் தெளிவு ஊறும் கிணற்றை நம்பித்தான் அவள் பிழைப்பு. சாயம் ஏறிய போர்வையை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?

சில வாரம் கீழேயும் கலங்கலாக வந்தது. அப்போதெல்லாம் புட்டியைக் கொட்டிவிட்டு, கோரை அடர்ந்த ஓரத்தில் தெளிந்த இடமாகப் பார்த்து மறுபடி மொண்டாள். பிள்ளை பரீட்சையில் கோட்டைவிடக் கூடாதென்று ஜன்னல் வழியாக விடை சொல்லும் தாயைப்போல. ஓடுகிற மாட்டின் மேல்தான் சாட்டை விழும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஏரிக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

மத்தியானம் வழக்கம்போல அவன் சாப்பிட வந்தான். தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். அவன் முகம் மாறவில்லை. அழுக்கைத் தின்பதும் ஏரி செய்யும் உபகாரம்தான், இயந்திரம் வைத்துச் செய்தால் பட்டறைக்கு எவ்வளவு செலவு தெரியுமா என்றான். பட்டறை என்று சொல்லாமல் 'எங்க பக்கம்' என்று ஒருமுறை வாய் தவறியது.

சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் கிணறு போகும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நான் கள்ளத்தனம் பண்ணியிருக்கேன். கலங்கலா வந்தா கொட்டிட்டு, தெளிஞ்ச எடமா பாத்து மொண்டு குடுத்தேன். உன் கணக்கு பொய். போய்ச் சொல்லி நிறுத்து. என் பேரைச் சொல்லு, பரவாயில்ல."

அவன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று முடித்தான்.

"தெரியும் அண்ணி."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. உங்களுக்கு அந்த ஏரி மேல இருக்கற பாசத்துக்கு வேற எப்படி மொள்ளுவீங்க? அதனாலதானே ஆபீஸ் ஆளை அனுப்பாம உங்க கையில புட்டியைக் குடுத்தேன்." தட்டை லேசாக நகர்த்தினான். "இன்னும் கொஞ்சம் சோறு."

கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

சாப்பிட்டு எழுந்தவன் கை கழுவக் கொல்லைக் கிணற்றடிக்குப் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, வரேன் அண்ணி என்று கிளம்பினான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. பக்கத்தில், அவள் கிணற்றிலிருந்து மொண்டுவந்து வைத்த தம்ளர் விளிம்புவரை அப்படியே நின்றது.